பன்னிரண்டு வோல்ட் மிஷினுக்கு நான் எழுதிய குறிப்பு

போன வாரம் தேவகி தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் நிறுவனத்தின் பண்டகசாலை அவர் பொறுப்பில் இருக்கிறது. பேட்டரியில் ஓடும் டிரில்லிங் மிஷின் பத்து வாங்கப் போகிறார்களாம்.

"எதைப் பாத்து வாங்கறதுன்னு சொல்லுங்க சார். உங்களுக்குத் தெரியாத ப்ரொசீஜரா" என்றார்.

எனக்குத் தெரியாத நடைமுறை கிடையாது என்பது உண்மைதான். பதினேழு வருடம் அதைத்தான் சாப்பிட்டேன். அந்த அறிவு ஒரு மனிதனின் வலது கையை என்ன செய்தது என்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெண் கேட்டது மிஷினைப் பற்றி. அதனால் மிஷினைப் பற்றியே சொன்னேன்.

பேட்டரி எத்தனை வோல்ட் என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வோல்ட் என்பது இழுக்கிற பலம், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் இழுக்கும் என்பது ஆம்பியர்-அவர் என்று பக்கத்தில் சின்னதாகப் போட்டிருக்கும் எண்ணில் இருக்கிறது. ஒரு மிஷினுக்கு இரண்டு பேட்டரி இல்லாமல் வாங்காதீர்கள். ஒன்று வேலை செய்யும்போது மற்றொன்று சார்ஜ் ஏற வேண்டும், நம் ஊரில் மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாது. நிரம்பியதும் தானே நின்றுகொள்ளும் சார்ஜராக இருக்கட்டும். மரத்துக்கு மட்டும் என்றால் சாதாரண மிஷின் போதும். செங்கல் சுவர் என்றால் இடித்துக்கொண்டே சுற்றுகிற ஹேமர் வேண்டும். கான்கிரீட் பீமில் நாள் முழுக்க ஓட்டை போட பேட்டரியை நம்பாதீர்கள், அதற்கு ஒயர் மிஷின்தான். தலைக்கு மேலே கையைத் தூக்கிப் போடுகிற வேலை என்றால் கடையிலேயே ஐந்து நிமிடம் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், எடை தெரிந்துவிடும். வீட்டில் திரைச்சீலைக் கம்பி மாட்டுகிறவர் தொழிலாளி வாங்கும் பெரிய மிஷினை வாங்கினால் வருடத்துக்கு மூன்று முறை எடுப்பார், மீதி நாள் அது பரணில் கிடந்து பேட்டரி செத்துப்போகும். தொழிலாளி வீட்டு மிஷினை வாங்கினால் நாலே மாதத்தில் மோட்டார் கருகும். எதை வாங்கினாலும் வேலூரிலாவது பழுது பார்க்க ஆள் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.

தேவகி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசியில் கேட்டார்: "இதெல்லாம் குறிப்புல எழுதினா மேல ஒத்துக்குவாங்களா சார்?"

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்தேன். பதிலாக இதை எழுதுகிறேன்.

வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து எங்கள் ஊர் தனி மாவட்டமான 1989-ல் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. பௌதிகத்தில் பட்டம் வாங்கி, கீழ்பென்னாத்தூரில் ஒரு டுடோரியலில், தேர்வில் தோற்ற பிள்ளைகளுக்கு ஓம் விதி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். டுடோரியல் மூடியது. யாத்ரீகர் விடுதிகள் நடத்தும் ஓர் அறக்கட்டளையில் பண்டகக் காப்பாளர் வேலை கிடைத்தது. அறக்கட்டளையின் பெயர் வேண்டாம். அது அரசாங்கம் அல்ல. ஆனால் நிர்வாகத்தில் இருந்த அத்தனை பேரும் அரசாங்கத்தில் ஓய்வு பெற்று வந்தவர்கள். வரும்போது அதிகாரத்தை அங்கேயே விட்டுவிட்டு, நடைமுறையை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

மூன்று மாதப் பயிற்சி. இருப்புப் பதிவேடு, கோரிக்கைச் சீட்டு, ஒப்பீட்டுப் பட்டியல், கழிவுப் பொருள் பட்டியல். ஒரு பொருள் உள்ளே வர ஒன்பது கையெழுத்து, வெளியே போக நான்கு. பௌதிகத்தைவிட இது எளிதாக இருந்தது, ஏனென்றால் இதில் எதையும் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை.

என் மேலதிகாரி நிர்வாக அலுவலர் சபாபதி. பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. "இல்லை" என்று சொல்லியும் கேட்டதில்லை. கோப்பு அவர் மேசைக்குப் போனால் முதலில் கடைசிப் பக்கத்தில் இருக்கும் கையெழுத்தைப் பார்ப்பார், பிறகு கீழிருந்து மேலாகப் படிப்பார். பிடிக்காத வரி வந்தால் ஸ்டீல் ஸ்கேலை வைத்து அதன் கீழே நேராக ஒரு கோடு போடுவார். ஓரத்தில் ஒரே சொல் எழுதுவார்: "பேசவும்."

அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். கோப்பை எடுத்துக்கொண்டு நேரில் போய் அதிகாரியிடம் பேச வேண்டும். பேசியது எழுத்தில் வராது. திரும்பி வந்ததும் நம் குறிப்பை நாமே வாபஸ் வாங்கிக்கொண்டு, வேறு குறிப்பை நாமே சொந்தமாக யோசித்ததுபோல எழுதுவோம். அதிகாரி அதன் கீழே "ஒப்புதல்" என்று எழுதுவார். ஆக, அவர் எதையும் மறுத்ததாகவே எந்தக் கோப்பிலும் இருக்காது. சபாபதி சாருடைய மொத்தக் காலத்திலும் மறுக்கப்பட்ட குறிப்பு ஒன்றுகூட இல்லை என்று தணிக்கையாளர் பாராட்டி எழுதியிருக்கிறார்.

விடுதிகளின் குழாய், கழிவறை வேலையெல்லாம் கரீம் பாய் பார்த்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் அத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு ஊரில் இதே தொழில். தொண்ணூறுகளில் பௌர்ணமிக் கூட்டம் மாதத்துக்கு மாதம் பெருகியது. பெருகப் பெருக அவர் வேலையும் பெருகியது. எல்லா வேலையும் ஈரத்தில். குளியலறைச் சுவரில் ஓட்டை போட எங்களிடம் ஒரே ஒரு மிஷின் இருந்தது. இரும்பு உடம்பு, கையில் எடுத்தால் ஆட்டுக்குட்டியின் கனம், நான்கு இடத்தில் டேப் சுற்றிய ஒயர்.

1998-ல் ஒருநாள் காலை அவர் என் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார். கோரிக்கைச் சீட்டு இல்லாமல் வந்திருந்தார்.

"சார், நேத்து ஒரு மிஷின் பாத்தேன். ஒயரே இல்ல."

"ஒயர் இல்லாம காத்துலயா பாய் ஓடுது?"

"கைப்பிடிக்குள்ளயே பேட்டரி வெச்சிருக்கான் சார். ஆசிரமத்தாண்ட ஒரு வெள்ளக்காரரு ரூம் எடுத்துக்கினு இருக்காரு. பாத்ரூம்ல கண்ணாடி மாட்டணும்னு கூப்ட்டாரு. என் மிஷின பாத்துட்டு, அத வெளிய வைன்னுட்டு அவருத குடுத்தாரு. தண்ணில நின்னுக்கினு நாலு ஓட்ட போட்டேன். ஒரு சுர்ரு இல்ல."

"நம்ம மிஷின் சுர்ருங்குதா?"

"அது டெய்லி சலாம் வெக்குது சார். நானும் பதிலுக்கு சலாம் வெச்சுட்டு வேலையப் பாக்கறேன். எத்தினி நாளுக்கு வெக்கறது?"

சிரித்தோம். ஆனால் அவர் போகவில்லை. அந்த மாதம் அடி அண்ணாமலைப் பக்கத்து விடுதியில் வயதான யாத்ரீகர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். அதனால் எல்லாக் குளியலறையிலும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பொருத்த வேண்டும், அடுத்த பௌர்ணமிக்குள் முடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. நாற்பது குளியலறை. ஒவ்வொன்றிலும் எட்டு ஓட்டை.

"அந்த வேலைக்கு மட்டுமாவது ஒண்ணு வாங்கிக் குடுங்க சார். நீங்க படிச்சவரு. உங்களுக்கு நான் சொல்லணுமா."

சொல்லத் தேவையில்லை. ஓம் விதி எனக்குத் தெரியும். ஈரக் கைக்கும் ஈரத் தரைக்கும் இடையில் இருநூற்று முப்பது வோல்ட் என்ன செய்யும், பன்னிரண்டு வோல்ட் என்ன செய்யாது என்று பத்தாயிரம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டியவன் நான். அன்றே சென்னைக்கு எழுதி மூன்று கடைகளிலிருந்து விலைப்புள்ளி வாங்கினேன். குறிப்பு எழுதினேன். என் வேலைக்காலத்தில் நான் எழுதியவற்றில் நல்ல குறிப்பு அதுதான். ஒன்றரைப் பக்கம். தற்போதைய மிஷினின் உலோக உடல், ஒயரின் நிலை, பணியிடத்தின் ஈரம், பன்னிரண்டு வோல்ட் பேட்டரி மிஷினில் மின் அதிர்ச்சிக்கு வாய்ப்பு இல்லாதது, இரண்டு பேட்டரி வேண்டியதன் காரணம், எல்லாம் அதில் இருந்தன. பணியாளர் கரீம் நேரில் கேட்டுக்கொண்டார் என்றும் எழுதியிருந்தேன். ஒப்பீட்டுப் பட்டியலில் ஒயர் மிஷினையும் சேர்த்தேன், ஏனென்றால் ஒப்பிட ஏதாவது இருக்க வேண்டும் என்பது விதி.

நான்காம் நாள் கோப்பு திரும்பி வந்தது. "230 வோல்ட்" என்பதன் கீழே ஒரு கோடு. "12 வோல்ட்" என்பதன் கீழே ஒரு கோடு. ஓரத்தில், பேசவும்.

போனேன். சபாபதி சார் எழுந்து நின்று வரவேற்றார். அது அவர் வழக்கம்.

"உக்காருங்க. நீங்க பிஎஸ்சி பிசிக்ஸ்தானே?"

"ஆமா சார்."

"பன்னெண்டு பெருசுங்களா, எரநூத்தி முப்பது பெருசுங்களா?"

"சார், இதுல கம்மியா இருக்கறதுதான் நல்லது. ஷாக் அடிக்காது."

"எனக்குத் தெரியும்ங்க. நானும் இஞ்சினியர்தான். ஆடிட்டருக்குத் தெரியுமா? வோல்ட் கம்மியான மிஷின ஜாஸ்தி விலை குடுத்து வாங்கினீங்களேனு ஒரு வரி எழுதிட்டுப் போயிடுவாரு. அதுக்கு நீங்களும் நானும் ரெண்டு வருஷம் பதில் எழுதிக்கிட்டு இருக்கணும்."

"விளக்கம் குறிப்புலயே எழுதியிருக்கேன் சார்."

"அழகா எழுதியிருக்கீங்க. அதான் பிரச்சினையே." கோப்பை என் பக்கம் திருப்பி, ஸ்கேல் முனையால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். "இதுல ஷாக் அடிக்காதுனு எழுதியிருக்கீங்க. அப்ப இது வரைக்கும் நம்ம கிட்ட இருக்கற மிஷின் ஷாக் அடிக்கும்னு நாமளே எழுத்துல ஒத்துக்கறோம். அப்படித்தானே அர்த்தம்? நாளைக்கு யாருக்காச்சும் ஒண்ணு ஆச்சுனா, தெரிஞ்சே குடுத்தோம்னு ஆயிடுமே."

"அதான் சார், ஆகாம இருக்கத்தான்..."

"ஆகாதுங்க. இத்தனை வருஷம் ஆகலியே. குறிப்ப வாபஸ் வாங்கிக்குங்க. வேற ஒண்ணு உங்களுக்கே நல்லா எழுத வரும்."

டீ வரவழைத்தார். நான் குடித்தேன்.

அறைக்குத் திரும்பி அந்த ஒன்றரைப் பக்கத்தைக் கோப்பிலிருந்து எடுத்தேன். நான்காகக் கிழித்தேன். பக்க எண்களைத் திருத்தி, ஒவ்வொரு திருத்தத்தின் ஓரத்திலும் சுருக்கொப்பம் இட்டேன். அப்படிச் செய்தால்தான் முறை. புதிய குறிப்பு மூன்று வரி: கைப்பிடிக் கம்பி பொருத்தும் பணிக்குத் தற்போது இருப்பில் உள்ள இயந்திரம் தகுதியானது, போதுமானது, புதிய கொள்முதல் தேவையில்லை. கீழே என் முழுக் கையெழுத்து. அன்று மாலையே "ஒப்புதல்" என்று வந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பு ஒரே நாளில் போய்த் திரும்பியது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன்.

கரீம் பாயிடம் "பாத்துக்கலாம் பாய், அடுத்த வருஷ பட்ஜெட்ல போடலாம்" என்றேன். அவர் பழைய மிஷினைத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஜன்னலுக்கு வந்தார். இந்த முறை கோரிக்கைச் சீட்டுடன்.

"ஒரு ப்ளக் டாப் குடுங்க சார். மூணு பின்னு."

"பழசு எங்க பாய்?"

பழையதை ஒப்படைத்தால்தான் புதியதைக் கொடுக்க வேண்டும். விளக்குமாறு முதல் வால்வு வரை இதுதான் விதி. பழையதை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற சந்தேகத்தில் என்றைக்கோ யாரோ போட்டது.

"உருகிப் போச்சு சார்."

"உருகினத கொண்டாங்க. எடை போட்டுக் கழிவுல எழுதிக்கறேன்."

"சாக்கெட்டோட ஒட்டிக்கினு போச்சு சார். சாக்கெட்டப் பேத்து எடுத்துக்கினு வரவா? அப்பறம் சாக்கெட்டு எங்கனு கேப்பீங்க."

"விதி அப்படி பாய். நான் என்ன பண்றது."

"சரி உடுங்க சார். தீக்குச்சிக்கு பழசு கேக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது என்ன என்று எனக்குத் தெரியும். ப்ளக் இல்லாத ஒயரின் முனையைச் சீவி, இரண்டு கம்பியையும் சாக்கெட்டுத் துளையில் நேராகச் செருகி, வெளியே நழுவாமல் இருக்கத் தீக்குச்சி வைத்து இறுக்குவார்கள். அப்போது மூன்றாவது கம்பிக்கு இடம் கிடையாது. அந்த மூன்றாவது கம்பிதான் எர்த். மிஷினின் இரும்பு உடம்பில் மின்சாரம் ஏறினால் தரைக்குக் கொண்டுபோக வேண்டியது. அது இல்லையென்றால் அந்த வேலையை மிஷினைப் பிடித்திருப்பவர் செய்ய வேண்டும். இதையும் நான் பாடம் நடத்தியிருக்கிறேன்.

பௌர்ணமிக்கு முந்தின நாள். முப்பத்தாறு குளியலறை முடிந்து நான்கு மீதி. யாத்ரீகர்கள் முந்தின இரவே வந்து இறங்கிவிட்டார்கள். அந்த இரண்டு நாள் விடுதியில் தண்ணீரை அடைக்கக் கூடாது என்பது அறக்கட்டளையின் கட்டுப்பாடு, எந்தப் பழுதானாலும் சரி. பக்கத்துக் குளியலறையில் குளிக்கிறவர்களின் தண்ணீர் கரீம் பாய் நின்ற தரையில் ஓடிக்கொண்டிருந்தது. பகல் பதினொன்றரை மணிக்கு விடுதிக் காவலாளி போன் செய்தார். நான் டிவிஎஸ் ஐம்பதில் போய்ச் சேர்ந்தபோது கரீம் பாயை வெளியே வராந்தாவில் படுக்க வைத்திருந்தார்கள். கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது. வலது உள்ளங்கையைப் பார்த்துவிட்டு நான் சுவரைப் பார்த்தேன்.

"கத்தவே இல்ல சார்" என்றார் காவலாளி. "மிஷினு ஓடிக்கினே இருக்குது, இவரு மட்டும் அப்படியே நின்னுட்டாரு. பாய், பாய்னு கூப்பிடறேன், திரும்பல. கைய உட முடியல போல. நான் ஓடிப்போயி ஒயர இழுத்தேன். அப்பறந்தான் உழுந்தாரு."

மின்சாரம் பாயும்போது கையின் தசைகள் சுருங்கும். பிடித்திருப்பதை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். விட நினைக்கிற மனிதனின் கையே அவனை விடாது. ஒயர் கொஞ்சம் முன்னால் கழன்றிருந்தால் தப்பியிருப்பார். கழலாமல் இருக்கத்தான் தீக்குச்சி வைத்திருந்தார்.

சுவரில் கம்பி பாதி பொருத்தியபடி நின்றது. யாத்ரீகர்கள் வழுக்கி விழாமல் இருக்க.

உயிர் பிழைத்தார். வலது கையின் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. தீய்ந்த தசைநார்கள் இனி நீளாது என்று மருத்துவர் சொன்னார். ஒரு தம்ளரைப் பிடிக்கலாம். ஸ்பானரைத் திருப்ப முடியாது.

விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு. சபாபதி சார் அதில் இல்லை. தான் இருந்தால் முறையாக இருக்காது என்று அவரே விலகிக்கொண்டார். மூன்று பேரும் கோப்பைக் கேட்டார்கள். கொடுத்தேன். என் மூன்று வரிக் குறிப்பை ஒருவர் சத்தமாகப் படித்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"மிஷின் வேலைக்குத் தகுதியா இருந்துச்சா?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் வேறு ஒன்று சொல்லியிருந்தால் மேசையில் இருந்த எல்லாத் தாளும் பறந்திருக்கும்.

"கோப்பில் உள்ளபடி, ஆமா சார்."

ப்ளக் டாப்பைப் பற்றியும் கேட்டார்கள். இருப்பில் பதினான்கு இருந்தன, பணியாளர் பழையதை ஒப்படைத்துப் பெறவில்லை என்று பதிவேட்டைக் காட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. முடிவு ஒரே வரி: பணியாளரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து.

இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

"இன்னா சார் எழுதியிருக்காங்க?"

"கவனக்குறைவுனு."

"என்னுதா?"

"ஆமா."

மடங்கிய விரல்களை இடது கையால் நீவினார்.

"எங்க அத்தா போட்ட ஜாயிண்டு இன்னிக்கும் இந்த ஊர்ல ஒழுகாம நிக்குது சார். நானும் அப்படித்தான். கவனமில்லாதவன்னு யாரும் சொன்னதில்ல. என் தம்பியும் இதே தொழிலுதான். அண்ணன் கவனமில்லாம கையக் குடுத்துட்டான்னா தம்பிய எவன் சார் கூப்புடுவான்? ரெண்டு எடத்துல இப்பவே வேணாம்னுட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "நான் காசு கீசு கேக்கல. நான் முன்னாலயே மிஷினு கேட்டேன்னு ஒரே ஒரு லைன் எழுதிக் குடுங்க. அந்த வார்த்த போச்சுன்னா போதும்."

"கோப்புல இல்லாதத நான் எப்படி பாய் எழுதறது?"

"கோப்புல இல்லியா?"

"இல்ல."

"நான் கேட்டனே சார்."

"கேட்டீங்க."

"பின்ன?"

அதற்கு விதி எண் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். பதிவில் இல்லாத பொருள் பற்றிப் பணியில் உள்ளவர் சான்று தரக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவருடைய மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை. ஓய்வூதியத்துக்கு எனக்கு இன்னும் எட்டு வருடம் இருந்தது. பயம் என்று எழுத வெட்கமாக இருந்ததால் அந்த நாட்களில் அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்திருந்தேன்.

மறு வருடம் அறக்கட்டளை ஆறு பேட்டரி மிஷின் வாங்கியது. "பாதுகாப்பு கருதி" என்று சபாபதி சாரே குறிப்பை ஆரம்பித்தார். அப்போது யாரும் பன்னிரண்டு பெரிதா இருநூற்று முப்பது பெரிதா என்று கேட்கவில்லை. எப்போதும் தயார் நிலையில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. அதனால் பேட்டரிகளை இரவும் பகலும் சார்ஜரிலேயே செருகி வைத்தோம். நிரம்பினாலும் நிற்காத மலிவான சார்ஜர் அது. பேட்டரிகள் சூடேறிச் சூடேறி உள்ளேயே வெந்தன. வருடம் முடிவதற்குள் ஆறும் செத்தன. புது பேட்டரி கேட்டோம். மிஷின் நிலையான சொத்து, பேட்டரி நுகர்பொருள், நுகர்பொருளுக்கு இவ்வளவு விலை தர விதியில்லை என்று வந்தது. ஆறு மிஷினும் இருப்பில் இருப்பதால் ஏழாவது வாங்கவும் வழியில்லை. கரீம் பாய்க்குப் பதிலாக வந்தவர்கள் டேப் சுற்றிய பழைய ஒயர் மிஷினையே எடுத்துக்கொண்டு போனார்கள். ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்ப்பில் அந்த ஆறையும் தூசி தட்டி எண்ணி, "நல்ல நிலையில்" என்று எழுதினோம். நான் 2006-ல் வெளியே வரும்போதும் அவை நல்ல நிலையில் இருந்தன.

சபாபதி சார் அதற்குள் காலமாகியிருந்தார்.

ஓய்வு பெற்ற மறு வருடம், இனி எந்த விதியும் என்னைத் தொடாது என்று உறுதியான பிறகு, கரீம் பாய் கேட்ட தாளை எழுதினேன். ஒரு பக்கம். கையெழுத்துப் போட்டேன். எடுத்துக்கொண்டு செங்கம் ரோட்டுக்குப் போனேன். கரீம் பாய் அங்கே தன் மச்சானின் ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். ஆசிரமத்துப் பக்கம் புதிது புதிதாகக் கட்டுகிற விடுதிகளின் தச்சர்களும் எலக்ட்ரீசியன்களும் வருகிற கடை. கல்லாவுக்குப் பின்னால் வரிசையாகப் பேட்டரி மிஷின்கள், ஒயர் மிஷின்கள். அவற்றுக்குக் கீழே அவர். தாடி நரைத்திருந்தது.

"வாங்க சார். ரிட்டயர்டு ஆயிட்டீங்களாமே. இன்னா, வீட்ல ஓட்ட போடணுமா?"

"இல்ல பாய். நீங்க அன்னிக்குக் கேட்டீங்களே, அது."

தாளைப் பார்த்தார். வாங்கவில்லை. "படிங்க சார். கண்ணாடி வீட்ல வெச்சுட்டேன்."

படித்தேன். பராமரிப்புப் பணியாளர் திரு. கரீம் பேட்டரி இயந்திரம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தார் என்பதும், நிர்வாக அலுவலர் திரு. சபாபதி அதை ஏற்க முன்வரவில்லை என்பதும், இருப்பில் இருந்த இயந்திரம் ஈரமான இடத்துக்குத் தகுதியற்றது என்பதும், விபத்து பணியாளரின் கவனக்குறைவால் நேர்ந்ததல்ல என்பதும் உண்மை.

"இன்னொரு தபா படிங்க."

மறுபடியும் படித்தேன். பக்கத்தில் மச்சான் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"என் பேரு வருது. பெரிய சாரு பேரு வருது. மிஷினு கூட வருது" என்றார் கரீம் பாய். "இதுல நீங்க எங்க சார்?"

"கீழ கையெழுத்துப் போட்டிருக்கேனே பாய்."

"கையெழுத்து அப்பவுந்தான் போட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு சாமானைத் தட்டிப் பார்த்து உள்ளே விரிசல் இருப்பதைச் சொல்கிற மாதிரி சொன்னார். "தம்பி போன வருஷம் பெங்களூருக்குப் போயிட்டான் சார். இங்க யாரும் கூப்புடல." தாளை இடது கையால் வாங்கி, மேசை மேல் வைத்து, மடங்கிய வலது கையால் அழுத்திக்கொண்டு ஒழுங்காக மடித்தார். என்னிடமே நீட்டினார்.

நான் அதைப் பையில் வைக்கும்போது ஒரு ஆள் கடைக்குள் வந்தார். கையில் ஹெல்மெட். மேலே இருந்த ஒயர் மிஷினைக் காட்டி, "இது சொவுத்துல போவுமா பாய்?" என்று கேட்டார். நான் வழியை விட்டு விலகி நின்றேன்.

"போவும்" என்றார் கரீம் பாய். மிஷினை எடுக்கவில்லை. "நீங்க எங்க நின்னுக்கினு போடப் போறீங்க? கீழ தர காஞ்சிருக்குமா?"